யாரும் உட்காராத நாற்காலிகள்

எங்கள் தெருவிலேயே அதிக நாற்காலிகள் இருந்த வீடு மொஹிதீனுடையது. அங்கே போகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டு வருவார்கள்.

பெய்ரூத்தில், ஸுக்காக் அல்-பலாத் சரிவில், மூன்று வளைவு ஜன்னல் வைத்த பழைய கட்டடம் எங்களுடையது. நான் முதல் மாடி. எனக்கு நேர் மேலே மொஹிதீனும் அவன் மனைவி நுஹாத்தும். மற்றவர்கள் வீட்டை அழகாக்கிக் கொடுப்பது அவன் தொழில். மலைப்பக்கம் மாளிகை கட்டுகிறவர்கள் அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போய், எந்தச் சுவருக்கு எந்த நிறம், எந்த மூலைக்கு எந்தப் பழம்பொருள் என்று கேட்பார்கள். அதில் வருவதை அவன் பழம்பொருள் விற்கும் பஸ்தா கடைத்தெருவில் கொடுத்து நாற்காலியாக மாற்றிக்கொண்டு வருவான். சிப்பி பதித்த டமாஸ்கஸ் நாற்காலிகள், தங்கப்பூச்சு உதிர்ந்த பிரெஞ்சு நாற்காலிகள், வளைத்த மரத்தில் பிரம்பு பின்னியவை, ஏதோ ஒரு தூதரகம் மூடப்பட்டபோது ஏலத்துக்கு வந்த தோல் நாற்காலிகள். ஒவ்வொன்றின் கைப்பிடிக்கும் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேன்மெழுகு வாசனை படிக்கட்டு வழியாக என் வீட்டுக்கு இறங்கி வந்தால், மேலே மொஹிதீன் பழைய பருத்தித் துணியோடு முழங்காலிட்டிருக்கிறான் என்று அர்த்தம். வெயில் நகர நகர, ஜன்னலோரத்தில் இருப்பவற்றை நிழலுக்கு மாற்றுவான். இழுத்துப் போடமாட்டான். தூங்கும் குழந்தையைப் போலத் தூக்கி வைப்பான். எத்தனையோ வருஷம் கீழே குடியிருந்தும், தலைக்கு மேலே ஒரு நாற்காலி இழுபடும் சத்தத்தை நான் கேட்டதில்லை.

சாப்பாடு, பேச்சு, சண்டை எல்லாமே அவர்களுக்குச் சமையலறையில்தான். அங்கே ஒரு தகர மேசையும் முக்காலிகளும் இருந்தன. நான் காப்பி குடிக்கப் போனாலும் அங்கேதான்.

ஒருமுறை பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பழம்பொருள் சேர்ப்பவர்கள் அவற்றோடு வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்று படம்பிடித்துப் போடுவதற்காக. மாதுளம்பழம் வாங்கி வரச் சொல்லி ஒரு பெரிய தாம்பாளத்தில் பரப்பினார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு நுஹாத்தை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு புத்தகத்தையும் கொடுத்தார்கள். அந்த இதழை அவள் என்னிடம் காட்டினாள். 'உஸ்தாத்' என்றுதான் மரியாதையாக என்னைக் கூப்பிடுவாள்.

"பாருங்க உஸ்தாத், நான் எவ்வளவு சுகமா உக்காந்திருக்கேன்னு. படம் எடுத்து முடிச்சதும் எழுப்பி விட்டுட்டாங்க. பத்திரிகையில வாழுறோம், வீட்டுல நிக்கிறோம்."

மொஹிதீன் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று சிரித்தான். அவனும் நல்லவன்தான். அதையும் சொல்லியாக வேண்டும். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில், ஊரே கதவையும் கட்டிலையும் உடைத்து அடுப்பெரித்தபோது, ரொட்டி வாங்க நின்ற வரிசையை விட்டு ஓடிப்போய், நெருப்பில் விழ இருந்த ஒரு நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். அன்று இருவரும் பட்டினி. நுஹாத் அதைக் குறையாகவும் சொல்வாள், பெருமையாகவும் சொல்வாள். எப்போது எதுவென்று அவள் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜனவரி மழையில் நுஹாத்தின் அக்கா வஃபீக்கா மவுத்தானாள்.

வஃபீக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தரீக் ஜதீதாவில் ஒரே அறையில் தையல் மெஷினோடு இருந்தாள். அந்தப் பகுதிப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையெல்லாம் அவள் கையால் தைத்தவை. வெள்ளிக்கிழமைதோறும் தங்கையைப் பார்க்க வருவாள். நெஞ்சுக்கோளாறு இருந்ததால் என் வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே ஏறுவாள். இறந்த அன்று காலை மெஷின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு, மழையிலேயே, பஷூரா மையவாடியில் அடக்கிவிட்டு வந்தோம்.

இழவு மூன்று நாள். ஆண்களுக்குப் பள்ளிவாசல் கூடத்தில், மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பிறகு. பெண்களுக்கு மதியத்திலிருந்து மஃரிப் வரை வீட்டில். வஃபீக்காவுக்கு வேறு வீடு இல்லை. தங்கை வீடுதான்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதன் முதுகில் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஓட்டிவந்தவன் மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினான்.

"மொஹிதீன் வீடு எது? நாற்காலி வந்திருக்கு!"

நுஹாத் பால்கனிக்கு வந்தாள். கறுப்பு உடை. தலையில் வெள்ளைத் துணி. அழுது முகம் வீங்கியிருந்தது.

"யாரு சொன்னா நாற்காலி?"

"ஐயா சொன்னாரு மதாம். துக்க வீடுன்னாரு."

"திருப்பி எடுத்துட்டுப் போ மகனே. இங்க நாற்காலி இருக்கு."

"மதாம், இந்த மழையில வந்திருக்கேன். இறக்கவா, கொண்டுபோகவா? ஒன்னு சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேனே. எடுத்துட்டுப் போ."

மொஹிதீன் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வந்தான். பின்னாலேயே நுஹாத்தும் வந்தாள். என் வாசலுக்கு எதிரே, படி வளைவில், இருவரும் நின்றுவிட்டார்கள். கதவு திறந்திருந்தது. நான் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

"நுஹாத், சொன்னா கேளு. மழை நாள். எல்லாரும் ஈரத்தோட வருவாங்க. ஈரம் பட்டா சிப்பி கழண்டு விழும். பிளாஸ்டிக் சுத்தமா இருக்கும். ஒரு அவமானமும் இல்ல. ஊரே அதத்தான் வாடகைக்கு எடுக்குது."

"ஊருக்கு நாற்காலி இல்ல, எடுக்குது."

"மூணு நாள் விஷயம்..."

"மூணு நாள் விஷயம்தான். அதையே உன்னால குடுக்க முடியல. அந்த மெத்தையெல்லாம் யாரு தச்சது மொஹிதீன்?"

அவன் கைப்பிடிச் சுவரை விரலால் தடவினான்.

"சொல்லு. உஸ்தாத் கேட்கட்டும். பழைய பட்டு கிழிஞ்சிருக்கு, பஸ்தாக்காரன் பாழாக்கிடுவான்னு யார்கிட்ட மூட்டை கட்டிக் குடுத்தே? எவ்வளவு வருஷமா? நூல் நிறம் சேரலைன்னு பிரிச்சு மறுபடியும் தச்சவ யாரு? ஒரு பெருநாளைக்கு, படியேறி மூச்சு முட்டி, தான் தச்ச மெத்தையில போய் உக்காந்தா. நீ என்ன சொன்னே?"

"நான் மரியாதையாத்தான் சொன்னேன்."

"ஆமா, மரியாதையாத்தான் சொன்னே. 'சமையலறையில இன்னும் வசதியா இருக்கும் வஃபீக்கா'ன்னு. அவளும் சிரிச்சுக்கிட்டே எழுந்தா. அதுக்கப்புறம் ஒரு தடவ அந்தக் கூடத்துக்குள்ள காலெடுத்து வச்சிருக்காளா? நான் ஏன் அன்னைக்கு வாய மூடிக்கிட்டு இருந்தேன்னு நேத்து ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இன்னைக்கு மூட மாட்டேன். அவளுக்காக வர்ற ஒவ்வொருத்தியும் அந்தக் கூடத்துல, அந்த நாற்காலியில உக்காருவா. பிளாஸ்டிக் இந்தப் படி ஏறினா, நான் இறங்கிடுவேன். அவளோட அந்த ஒத்த அறையில இழவு வச்சுக்கிறேன்."

வேன்காரன் கீழேயிருந்து எட்டிப் பார்த்தான். "அப்போ இறக்க வேண்டாமா?"

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவனே வண்டியைக் கிளப்பினான்.

நுஹாத் மேலே போய் மீன் சுத்தம் செய்யும் கத்தரிக்கோலால் கயிறுகளை வெட்டினாள். அவிழ்க்கவில்லை. வெட்டினாள். மொஹிதீன் அவள் பின்னாலேயே ஒவ்வொரு நாற்காலிக்கும் மன்றாடிக்கொண்டு போனான்.

"அந்தப் பிரம்ப விட்டுடு. உக்காந்தா கிழிஞ்சிடும்."

வெட்டினாள்.

"சரி, தங்கப்பூச்சு நாற்காலிங்கள சுவரோரமா போடு. நடுவுல வேண்டாம்."

"போடறேன்."

"காஜி நாற்காலிய மட்டும்... நுஹாத், உன் கையப் பிடிச்சுக் கேக்கிறேன்."

அது கூடத்தின் நடுவில், தனி மேடையில் இருந்தது. டமாஸ்கஸில் ஒரு காஜி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன நாற்காலி என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வான். முதுகு முழுக்கச் சிப்பியும் எலும்பும் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பதித்தது. அதைப் பார்த்தவர்கள்தான் அவனுடைய கண்ணை நம்பித் தங்கள் வீட்டை அவனிடம் ஒப்படைத்தார்கள். அதில் அவனே உட்கார்ந்ததில்லை.

நுஹாத் அதன் கயிற்றையும் வெட்டி, மேடையிலிருந்து இறக்கி, வாசலுக்கு நேரே போட்டாள்.

காப்பி என் வீட்டில் கொதித்தது. மேலே ஒரே அடுப்பு. பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கீரையும் சோறும் பருப்புச் சோறும் அதில் சூடாகிக்கொண்டிருந்தன. ஏலம் தட்டிப் போட்டு, சர்க்கரை இல்லாமல் காய்ச்சி, பித்தளைக் குவளையில் ஊற்றி மேலே கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கூடத்துக்கும் நடைக்கும் நடுவே ஒரு திரை. மொஹிதீன் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஆண்கள் அங்கே நிற்கக் கூடாது. ஆனால் அவனால் நிற்காமல் இருக்க முடியவில்லை. குவளையோடு வந்த நானும் திரையோரத்தில் நின்றுவிட்டேன். யார் வருகிறார்கள் என்று திரையின் ஓரத்தால் பார்த்து, எடை போட்டு, அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நுஹாத்திடம் கிசுகிசுப்பான்.

"பச்சை ஸ்கார்ஃப் போட்ட பொண்ணு ஒல்லியா இருக்கா. அவள பிரம்புல உக்கார வை. அந்த மருந்துக்கடைக்காரி தங்கப்பூச்சுல வேண்டாம், தோலுக்கு அனுப்பு."

"இது துக்க வீடு மொஹிதீன், மாட்டுச் சந்தையில்ல."

"ஐயோ, உம்மு பஷீர் வர்றா."

உம்மு பஷீர் தரீக் ஜதீதாவில் ரொட்டி அடுப்பு வைத்திருப்பவள். வஃபீக்காவின் அறைக்கு அடுத்த கடை. உடம்பு பெரிது. குரல் அதைவிடப் பெரிது. மூன்று பேர் உட்காரும் சோபா மட்டும்தான் தன்னைத் தாங்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாசலில் ஷூவைத் தேய்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

மொஹிதீன் திரையைப் பிடித்துக்கொண்டான். "பிரம்புக்குப் போறா... நுஹாத்! காஜி நாற்காலிக்குக் கூட்டிட்டுப் போ. அது வால்நட் மரம். நூறு வருஷத்துக்கு மேல ஆன கட்டை. யானை உக்காந்தாலும் அசையாது."

அவன் வாயாலேயே அதைச் சொன்னதில் நுஹாத் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு உம்மு பஷீரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அதில் உட்காரவைத்தாள்.

அவள் உட்கார்ந்தாள். வஃபீக்காவைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னாள். இரண்டாவது வாக்கியத்துக்கு மூச்சை இழுத்தபோது நாற்காலி ஒரு தகரப் பெட்டியைப் போல நசுங்கியது. சிப்பிகள் தரையெங்கும் தெறித்தன.

ஓதிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். தரையில் கால் நீட்டிக் கிடந்த உம்மு பஷீர் கூரையைப் பார்த்தாள்.

"வஃபீக்கா, என் கண்ணு, இவ்வளவு அவசரமா என்னையும் கூப்பிடாதேடி. அடுப்புல மாவு இருக்கு."

நாலைந்து பேர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் மதாம் துர்ரியா குனிந்தாள். மலையில் அவளுக்குப் புது வீடு. அந்த வருஷத்தில் மொஹிதீன் கையில் இருந்த பெரிய வேலையே அதுதான். பழம்பொருள் சேர்ப்பதில் அவளும் ஒரு ஆள். உடைந்த நாற்காலிக் காலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இதென்ன, பிளைவுட்டா? மேல சிப்பி, உள்ள பிளைவுட். பாருங்கம்மா, மெஷின்ல அறுத்த தடம்கூட இருக்கு. இதையா காஜி நாற்காலின்னு எங்களுக்குக் காட்டினாரு? பாவம், அவரு கண்ணையே ஏமாத்திட்டாங்களே. இல்ல, அவரு நம்மள..."

திரைக்குப் பின்னால் மொஹிதீனின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

நுஹாத் துர்ரியாவிடம் போய் அந்தக் காலைக் கையிலிருந்து வாங்கினாள். குரலை உயர்த்தவில்லை.

"பிளைவுட்டா இருந்துட்டுப் போகட்டும் மதாம். இந்த வீட்டுக்கு அசல்னு வந்துட்டுப் போனவ ஒருத்திதான். அவள நேத்து மண்ணுக்குள்ள வச்சுட்டு வந்தோம். நீங்க அவளப் பார்க்க வந்தீங்களா, நாற்காலியப் பார்க்க வந்தீங்களா?"

துர்ரியா கைப்பையைத் தேடினாள். "நான் தப்பா ஒன்னும் சொல்லலையே..."

"காப்பி குடிச்சிட்டுப் போங்க." பிறகு திரும்பினாள். "உம்மு பஷீர், இங்க வாங்க. இந்தத் தோல் நாற்காலியில உக்காருங்க."

"வேண்டாம் மகளே. நான் தரையிலயே இருக்கேன். இன்னொன்னையும் உடைச்சா உன் புருஷன் என்னை அடக்கம் பண்ணிடுவான்."

"உடைஞ்சா அடுத்தது இருக்கு. அதுவும் உடைஞ்சா அதுக்கு அடுத்தது. நீங்க தரையில உக்காரக் கூடாது. உக்காருங்க."

உம்மு பஷீர் உட்கார்ந்தாள். அது தாங்கியது. ஓதும் பெண் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

அன்று மாலை பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் மொஹிதீனும் நானும் ஒரே குடையில் நடந்தோம். குடையை அவன் பிடித்திருந்தான். தண்ணீர் என் தோளில் கொட்டிக்கொண்டிருப்பதை அவன் கவனிக்கவில்லை. பஷூரா சுவரோரம் நீண்ட தூரம் நடந்த பிறகு சொன்னான்.

"எத்தனை ஞாயித்துக்கிழமை மெழுகு போட்டிருப்பேன் உஸ்தாத்."

நான் அவன் பக்கம் இன்னும் நெருங்கி நடந்தேன்.

"ஒரே ஒரு தடவ உக்காந்து பார்த்திருந்தா, வாங்கின அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். கடையிலேயே தெரிஞ்சிருக்கும்." சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "உக்காரணும்னு தோணவே இல்ல."

பள்ளிவாசல் கூடத்தில் பஸ்தாவிலிருந்து வந்த இரண்டு வியாபாரிகள் அவன் கையைக் குலுக்கினார்கள். அனுதாபம் சொன்னவர்களின் உதடு ஓரத்தில் வேறொன்றும் இருந்தது. அதற்குள் செய்தி போய்விட்டது.

மூன்றாம் நாள் மழை விட்டது. அன்றுதான் தரீக் ஜதீதா முழுவதும் கிளம்பி வந்தது. நாங்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. சீருடை தைத்துக்கொண்ட பிள்ளைகளின் தாய்மார்கள், அந்தப் பிள்ளைகளே வளர்ந்து தாய்மார்களானவர்கள், காசு அப்புறம் தரச் சொன்னவளிடம் கடைசிவரை தராதவர்கள். ஒருத்தி தன் கல்யாணத்துக்கு அவள் ஒரே வாரத்தில் தைத்துக் கொடுத்த உடையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதாள். கூடம் நிறைந்தது. நடை நிறைந்தது. திரையை அவிழ்த்துவிட்டார்கள். காப்பிக்காக நான் ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போயிற்று.

மதியத்துக்குக் கொஞ்சம் பிறகு என் தலைக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று, மரம் கல்லில் இழுபடும் சத்தம். பிறகு இன்னொன்று. குவளையோடு வெளியே வந்து மேலே ஏறிப் பார்த்தேன். மொஹிதீன் தன் வேலை அறையைத் திறந்திருந்தான். நுஹாத்துக்குக்கூடச் சாவி தராத அறை அது. அங்கே பழுது பார்த்தவை, பார்க்க வேண்டியவை, இன்னும் யாருக்கும் காட்டாதவை என்று இருந்தன. சட்டைக் கையை மடித்துவிட்டு ஒவ்வொன்றாக இழுத்து வந்து நடையில், வாசலுக்கு வெளியே, மாடிப்படித் திருப்பத்தில் போட்டுக்கொண்டிருந்தான். போடும் முன் தான் ஒருமுறை அதில் தொப்பென்று உட்கார்ந்தான். அசைத்துப் பார்த்தான். எழுந்தான்.

"இது தாங்கும். உக்காருங்கம்மா."

அடுத்ததில் உட்கார்ந்தான். கால் லேசாக விரிந்தது. "இது ஒல்லியானவங்களுக்கு."

"நான் ஒல்லியா?" என்றாள் படியில் நின்ற ஒரு கிழவி.

"இந்த வீட்டுல இன்னைக்கு உம்மு பஷீரத் தவிர எல்லாரும் ஒல்லிதான்."

உள்ளேயிருந்து உம்மு பஷீரின் குரல் கேட்டது. "என் காதுல விழுந்துச்சு மொஹிதீன்!"

கடைசி நாற்காலி என் வாசலுக்கு எதிரே வந்து நின்றது. அதிலும் ஒருத்தி பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை கால் ஆட்டி, கைப்பிடியின் சிப்பியை நகத்தால் சுரண்டியது. மொஹிதீன் பார்த்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். நான் என் வீட்டிலிருந்து ஒரு முக்காலி எடுத்து வரவா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையசைத்தான்.

அப்போது கீழே காரின் கதவு சாத்தும் சத்தம். மதாம் துர்ரியா ஏறி வந்தாள். கையில் பூங்கொத்து. வழியில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வந்து, அவனுக்கு இரண்டு படி கீழே நின்றாள். பஸ்தா முழுக்க அந்தப் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவள்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"மொஹிதீன், என் மேல வருத்தம் இல்லையே? வீட்டு வேலை நிக்கக் கூடாது. வசந்தத்துக்குள்ள முடியணும். நீ வேணும்னா கேட்டுப் பாரு, அந்த நாற்காலி கதைய நான் யார்கிட்டயும் பெருசு பண்ணல. இவ்வளவு கூட்டமா? உள்ள உக்கார இடம் இருக்கா?"

மொஹிதீன் எழுந்திருக்கவில்லை. அந்த வேலை போனால் அந்த வருஷம் அவன் கையில் வேறு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் முகத்தையும் பூங்கொத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இல்ல மதாம்."

"ஒரு நாற்காலிகூடவா இல்ல? உன் வீட்டுலயா?"

"ஒன்னுகூட இல்ல. எல்லாத்துலயும் ஆளு இருக்கு." அதைச் சொன்னபோது அவன் முதுகு நிமிர்ந்தது. பத்திரிகைக்காரர்களுக்குத் தன் பொருள்களைக் காட்டும்போதுகூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "தையல்காரி வஃபீக்காவோட சனங்க. நீங்க நின்னுக்கிட்டே ஃபாத்திஹா ஓதிட்டுப் போகலாம். வேலைய வேற யாருக்காவது குடுத்துடுங்க."

துர்ரியா அங்கேயே நின்றாள். பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட ஒதுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து உதடு அசைந்தது. ஓதினாளா, வேறேதாவது சொன்னாளா தெரியவில்லை. பூங்கொத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

வாசலில் நுஹாத் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியாது. இறங்கி வந்து கணவனுக்குப் பக்கத்தில் அதே படியில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கு அந்தப் படி குறுகல். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். என் கையிலிருந்த குவளையை வாங்கி, அவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தனக்கும் ஊற்றிக்கொண்டாள்.

"நாப்பதாம் நாளும் இங்கதான்," என்றாள்.

அவன் குடித்தான். கசப்பில் முகம் சுருங்கியது.

"இன்னும் நாற்காலி தேடணும்," என்றான்.

மேலே யாரோ வஃபீக்காவைப் பற்றி ஏதோ சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தது.